மந்தர நாதமும் கேள்வி ஞானமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் மரபு. அம்மரபினின்றும் சற்றே விலகி, 'பேஸ் கிட்டார்' என்னும் கருவியைப் பற்றியும், அக்கருவியின் வாசிப்பை ஒலிப்பதிவுகளிலிருந்து செவி ஒன்றையே துணையாகக் கொண்டு கற்கும் முறையைப் பற்றியும் இன்று யான் பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். மேனாட்டுக் கருவிக்குத் தமிழ்ச் சங்கத்தில் என்ன வேலை என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு ஒன்று நினைவூட்ட விரும்புகிறேன். இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா? அந்தப் பிடிலும் மேனாட்டிலிருந்து வந்ததே. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் அதனைக் கற்று, நம் இசைக்கு இயைந்த கருவியாக ஆக்கித் தந்தார். கருவிக்கு ஊர் உண்டு. செவிக்கு ஊர் இல்லை. யான் இன்று பேசப் போவது பெரும்பாலும் செவியைப் பற்றியே.

நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் பலர் கிட்டாரும் பேஸ் கிட்டாரும் பயில்கிறார்கள். அது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அவர்கள் பயிலும் முறையைக் காணும்போது ஒரு கவலை தோன்றுகிறது. பாட்டைக் கேட்கும் முன்பே, எந்தத் தந்தியில் எந்த மெட்டில் விரலை வைக்க வேண்டும் என்று எண்களால் எழுதிய பட்டியல் அவர்கள் கைக்கு வந்து விடுகிறது. விரல் அப்பட்டியலைப் பின்பற்றிச் செல்கிறது, செவி வாளாவிருக்கிறது. பட்டியலில் பிழை இருந்தால் அப்பிழையும் அப்படியே விரலில் ஏறுகிறது. அஃது ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது. கேட்டறியும் ஆற்றல் ஒரு தலைமுறையில் தேய்ந்துபோனால், அதனை மீட்பது எளிதன்று. இக்கவலையே இச்சொற்பொழிவுக்குக் காரணம்.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். பேஸ் கிட்டாருக்கு முன்னர், அவ்விடத்தில் ஆளுயரப் பெரும் பிடில் ஒன்று இருந்தது. டபிள் பேஸ் என்பது அதன் பெயர். தூக்கிச் செல்லவும் கடினம். மற்றக் கருவிகள் மின்னொலி பெற்றபின் அதன் குரல் எடுபடவும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஃபுல்லர்டன் என்னும் ஊரில், லியோ ஃபெண்டர் என்பவர் 1951-இல் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின் கருவியைச் செய்து வெளியிட்டார். பிரிசிஷன் என்றால் துல்லியம். டபிள் பேஸுக்கு மெட்டுகள் இல்லை. விரல் சற்றே பிசகினாலும் சுருதி பிசகும். புதிய கருவிக்கு வீணையைப் போல மெட்டுகள் உண்டு. ஆகவே சுருதி துல்லியமாக நிற்கும். பெயர்க்காரணம் அதுவே. நான்கு தந்திகள், ஒலிக்கும் தந்தியின் நீளம் 34 அங்குலம். தடித்த தந்தியை அழுத்தாமல் மீட்டினால் வினாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள் எழும். அடுத்த தந்தி 55; அதற்கடுத்தது ஏறத்தாழ 73; மெல்லிய தந்தி 98. ஒவ்வொரு தந்தியும் தனக்குக் கீழுள்ளதற்குச் சுத்த மத்தியமமாக அமையும் என்று நம் முறையில் சொல்லலாம்.

இனி, இக்கருவி செய்யும் தொழில் யாது? இதனைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், கர்நாடக இசையில் பழகிய செவிக்கு இடறல் ஏற்படுவது இவ்விடத்தில்தான். நம் இசைக்கு ஆதார சுருதி ஒன்று உண்டு. தம்பூரா தொடக்கத்தில் எந்த ஷட்ஜத்தில் நிற்கிறதோ, மங்களம் பாடும் வரை அங்கேயே நிற்கும். பாடகர் அதன் மேல் உலவுவார். மேனாட்டு இசையிலோ ஆதாரமும் நடக்கத் தொடங்குகிறது. பாடகர் மேல் ஷட்ஜத்திலேயே நின்று கார்வை கொடுக்கிறார் என்று கொள்வோம். கீழே பேஸும் ஷட்ஜத்திலேயே நின்றால், வீடு வந்து சேர்ந்த அமைதி தோன்றும். பேஸ் மட்டும் தைவதத்திற்கு இறங்கினால், பாடகர் அசையாமல் நிற்க, அவருடைய ஷட்ஜம் அந்தத் தைவதத்திற்குச் சாதாரண காந்தாரமாகி விடும். ஒரு சோகம் படரும். பேஸ் மேலும் இறங்கி மத்தியமத்தில் நின்றால், அதே ஷட்ஜம் அதற்குப் பஞ்சமமாகும். வெளி திறந்தாற்போல் இருக்கும். கிரக பேதம் அறிந்தவர்க்கு இது நொடியில் விளங்கும். பாடகர் பாடியது ஒரே ஸ்வரம், பொருள் மூன்று. பொருளை மாற்றியவர், அவையோர் பெரும்பாலும் கவனியாத அந்தப் பேஸ் வாசிப்பவர்!

அவையோர் கவனிப்பதில்லை என்றேன். அதற்கு அவர்கள் மட்டும் காரணமல்லர்; இயற்கையும் காரணம். மனிதச் செவி தாழ்ந்த ஒலிகளை மிகக் குறைவாகவே உணரும். ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933-இல் இதனை அளந்து வரைபடங்களாக வெளியிட்டனர். இடைநிலை ஒலி ஒன்றும் தாழ்ந்த ஒலி ஒன்றும் ஒரே அளவாகக் கேட்க வேண்டுமாயின், தாழ்ந்த ஒலிக்குப் பன்மடங்கு வலிமை வேண்டும். ஒலியைக் குறைத்து வைத்தால் முதலில் மறைவது பேஸே. அறையும் தன் பங்குக்கு ஏமாற்றும். 41 அதிர்வு உடைய ஒலியின் அலை நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். மும்பையில் நாம் வாழும் அறைகளின் நீளம் எவ்வளவு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவ்வலை சுவர்களில் மோதித் திரும்பும்போது, மூலையில் பெருத்தும் நடுவில் தேய்ந்தும் ஒலிக்கும். ஆகவே, ஒரே பாட்டில் சில ஸ்வரங்கள் இடிபோலவும் சில ஸ்வரங்கள் இல்லாதவை போலவும் தோன்றும். பயில்வோர் நல்ல செவிக்கருவியை அணிந்து கேட்க வேண்டும் என்பது இதனாற்றான்.

இங்கே ஒரு வியப்பும் உண்டு. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி 41 அதிர்வை எழுப்ப வல்லதன்று. ஆயினும் அதில் கேட்கும்போதும் பேஸின் ஸ்வரத்தை நாம் உணர்கிறோம். எப்படி? எந்தத் தந்தியும் தன் மூல ஸ்வரத்தை மட்டும் தருவதில்லை. 82, 123, 164 என்று அதன் மடங்குகளான மேற்சுரங்களையும் உடன் தருகிறது. தம்பூராவின் மந்தரத் தந்தியை மீட்டினால் அந்தர காந்தாரம் தானே எழுவதைப் பெரியோர் பலரும் கேட்டிருப்பீர்கள். மூல ஸ்வரம் வாராவிடினும், மேற்சுரங்களின் இடைவெளியைக் கொண்டு நம் மூளை மூலத்தை ஊகித்து அறிந்துகொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேரைக் கிளைகளைக் கொண்டு உணர்வது போன்றது இது.

இவ்வளவு இடையூறுகளுக்கும் இடையே பேஸ் வாசிப்பைச் செவியால் எடுப்பது எவ்வாறு? கற்றவர் கையாளும் முறையைப் படிப்படியாகக் கூறுகிறேன்.

முதற்படி, கருவியைத் தொடாதிருத்தல். பாட்டைப் பலமுறை கேட்க வேண்டும். பாடகரையும் பிடிலையும் ஒதுக்கி, கீழே நடப்பதை மட்டும் பின்தொடர வேண்டும். பின்னர் அதனை வாயால் முனக வேண்டும். நம் குரலுக்கு ஏற்ப ஒரு ஸ்தாயியோ இரண்டோ மேலே ஏற்றி முனகலாம். வாயால் பாட இயலாததை விரல் அறியாது. இக்கட்டளையை நம் வித்துவான்கள் வாய்ப்பாட்டுக்கு முதலிடம் தந்ததனால் முன்னரே அறிந்திருந்தனர்.

இரண்டாம்படி, தாளத்தை அறிதல். கையால் தாளம் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில் பேஸ் எந்த ஸ்வரத்தில் விழுகிறது என்பதை மட்டும் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கை. காலால் இயக்கும் பெரிய டிரம் பேஸுடன் சேர்ந்தே ஒலிக்கும். டிரம்மின் அடியைப் பேஸின் ஸ்வரம் என்று மயங்கக்கூடாது. டிரம்மின் ஒலி அடித்தவுடன் அடங்கும். பேஸின் ஸ்வரம் நீண்டு நிற்கும். ஆகவே அடி விழும் கணத்தை விட்டு, அதற்கு அடுத்த கணத்தைக் கேட்க வேண்டும்.

மூன்றாம்படி, கார்டு என்னும் ஸ்வரக் கூட்டை அறிதல். பெரும்பாலும் பேஸ் அக்கூட்டின் மூல ஸ்வரத்தில் நிற்கும். பெரும்பாலும் என்றேனே அன்றி எப்போதும் என்று சொல்லவில்லை. சில இசையமைப்பாளர்கள் வேண்டுமென்றே பேஸை அக்கூட்டின் காந்தாரத்திலோ பஞ்சமத்திலோ நிறுத்துவர். 1966-இல் வெளிவந்த 'பெட் சவுண்ட்ஸ்' என்னும் இசைத்தட்டில் பிரையன் வில்சன் இதனைப் பல இடங்களில் செய்திருக்கிறார். கற்றுக்குட்டிகள் பட்டியல் எழுதும்போது பிழைப்பது இங்கேதான். "இந்தக் கூட்டுக்கு இந்த மூலம்தானே வர வேண்டும்" என்று முன்னரே முடிவு செய்து கொண்டு எழுதி விடுகிறார்கள். அறிவு முந்திக்கொள்கிறது; செவி பிந்தி விடுகிறது. வர வேண்டியதைக் கேட்பது வேறு. வந்ததைக் கேட்பது வேறு.

நான்காம்படி, மூல ஸ்வரங்களுக்கு இடையில் நிகழும் நடையைக் கேட்டல். ஓர் ஆதாரத்திலிருந்து மற்றோர் ஆதாரத்திற்குப் போகும்போது, பேஸ் இடையிலுள்ள ஸ்வரங்களை மிதித்துச் செல்லும்; சில வேளை ராகத்திற்குப் புறம்பான அந்நிய ஸ்வரத்தையும் தொட்டுச் செல்லும். அதனோடு ஒலியாத இடங்களையும் கேட்க வேண்டும். ஸ்வரம் எப்போது தொடங்கிற்று என்பதைப் போலவே எப்போது நிறுத்தப்பட்டது என்பதும் வாசிப்பின் பகுதியே. பட்டியல்கள் இதனைச் சொல்வதே இல்லை.

ஐந்தாம்படி, விரலின் இடத்தை அறிதல். ஒரே ஸ்வரம் பல தந்திகளில் கிடைக்கும். மெல்லிய தந்தியை வெறுமனே மீட்டினால் வரும் ஸ்வரமே, அதற்கு அடுத்த தந்தியில் ஐந்தாம் மெட்டிலும், அதற்கடுத்ததில் பத்தாம் மெட்டிலும், தடித்த தந்தியில் பதினைந்தாம் மெட்டிலும் உண்டு. ஸ்வரம் ஒன்றே, குரல் வேறு. தடித்த தந்தியில் அது பருத்து ஒலிக்கும். வெறுந்தந்தியில் தெளிந்து ஒலிக்கும். பயின்ற செவி குரலைக் கொண்டே விரலின் இடத்தைச் சொல்லி விடும்.

இறுதிப்படி, சரிபார்த்தல். ஒலிப்பதிவுடன் சேர்ந்து வாசிக்க வேண்டும். நம் வாசிப்புப் பிழையானால் இரண்டும் தனித்தனியே கேட்கும், அலைவு தோன்றும். சரியானால் நம் கருவி அதனுள் கரைந்து மறைந்து விடும். தம்பூராவின் இரு சாரணித் தந்திகள் சுருதி சேரும்போது ஒன்றாகி விடுவதை ஒக்கும் இது.

இம்முறையில் பயில முற்காலத்தவர் பட்ட பாடு கொஞ்சமன்று. ஒரே இடத்தை மீண்டும் கேட்க, இசைத்தட்டின் முள்ளைக் கையால் தூக்கித் தூக்கி வைத்தனர், தட்டு தேய்ந்தது. நிமிடத்திற்கு 33⅓ சுற்றுச் சுழல வேண்டிய தட்டினை 45 சுற்றில் ஓட விட்டனர். பாட்டு ஏறத்தாழ ஷட்ஜத்திலிருந்து சுத்த மத்தியமம் அளவுக்கு உயர்ந்து, பேஸ் தெளிவாகக் கேட்டது. நாடா இயந்திரம் உடையோர் ஒரு வேகத்தில் பதிந்து இரட்டை வேகத்தில் ஓட்டினர்; பேஸ் ஒரு ஸ்தாயி ஏறிக் கிட்டாரின் குரலைப் பெற்றது. கேசட் வந்தபின் வேறொரு தொல்லை. மின்கலம் தளர்ந்தால் சுருதி இறங்கும். கேசட்டுக்கு ஏற்பக் கருவியைச் சுருதி கூட்டிக்கொண்டு வாசித்தனர்.

இன்று அத்தொல்லைகள் இல்லை. சுருதி மாறாமலே வேகத்தைப் பாதியாக்கலாம். வேகம் மாறாமலே சுருதியை உயர்த்தலாம். கலந்து ஒலிக்கும் பாட்டிலிருந்து பேஸை மட்டும் பிரித்தெடுக்கவும் கணினி கற்றுக்கொண்டது. டீசர் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 2019-இல் 'ஸ்ப்ளீட்டர்' என்னும் மென்பொருளை யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டது. அதன் பின் இன்னும் பல வந்துள்ளன. இவற்றை யான் வெறுப்பவனல்லன். ஐயம் தீர்க்க இவை நல்ல துணை. ஆயினும் பிரித்தெடுத்த ஒலியில் டிரம்மின் துணுக்கும் பிற கருவிகளின் நிழலும் ஒட்டிக்கொண்டிருக்கும். பேஸின் மேற்சுரங்களில் சில விடுபட்டும் போகும். அன்றியும், ஊன்றுகோல் முடவனுக்கு உதவும். நடக்கத் தொடங்கும் குழந்தையின் கையில் அதனைக் கொடுத்தால் கால் வலுப்பெறாது. முதலில் செவி முயல வேண்டும். முயன்றபின் கருவி அதனைச் சரிபார்க்க வேண்டும். வரிசை மாறினால் பயன் மாறிவிடும்.

அன்பர்களே! இதுகாறும் கூறியது கற்கும் முறை. இனிக் கூறப் போவது இம்முறையால் காக்கப்படும் பொருளைப் பற்றியது. அதற்கு ஒரு மனிதரின் வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவர் 1936-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்த கருப்பினத்தவர். 1954-இல் டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தார். பிழைப்புத் தேடித் தென்னாட்டிலிருந்து வடக்கே சென்ற பல்லாயிரம் குடும்பங்களைப் போன்றதே அவர் குடும்பமும். அங்குப் பள்ளியில் டபிள் பேஸ் கற்றார். பின்னர்ப் பேஸ் கிட்டாருக்கு மாறினார். பெரி கோர்டி 1959-இல் அந்நகரில் தொடங்கிய மோட்டவுன் நிறுவனத்தின் பாடல்கள் உலகெங்கும் பரவியபோது, அவற்றுள் மிகப் பலவற்றில் கீழே ஒலித்தது ஜேமர்சனின் பேஸ். வலக்கையின் ஒற்றை ஆள்காட்டி விரலாலேயே மீட்டினார். தடித்த, வழவழப்பான தந்திகளைக் கட்டினார். அவற்றை மாற்றுவதில் அவருக்கு விருப்பமில்லை. வெறுந்தந்திகளைத் தாராளமாகப் பயன்படுத்தினார். 1968-இல் ஸ்டீவி வொண்டர் பாடி வெளிவந்த 'ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்' என்னும் பாட்டைக் கேளுங்கள். ஓர் ஆவர்த்தனத்தில் வாசித்தது அடுத்த ஆவர்த்தனத்தில் அப்படியே திரும்புவது அரிது. பாடகர் ஒரு பாட்டுப் பாட, கீழே அவர் மற்றொரு பாட்டையே பாடிக்கொண்டு செல்கிறார்.

அவர் பெயர் யாருக்குத் தெரிந்தது? இசைத்தட்டின் மீது பாடகர் பெயர் இருந்தது. பாட்டை எழுதியவர் பெயர் இருந்தது. தயாரித்தவர் பெயர் இருந்தது. வாசித்தவர் பெயர் இல்லை. 1971-இல் மார்வின் கே வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்னும் தட்டின் உறையில்தான் மோட்டவுன் கலைஞர்களின் பெயர்கள் முறையாக அச்சேறின. அடுத்த ஆண்டு நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம் மாறிற்று. ஜேமர்சனும் அங்குச் சென்றார். பழைய வாழ்வு அங்கு அவருக்கு வாய்க்கவில்லை. 1983-இல் மோட்டவுன் நிறுவனத்தின் வெள்ளி விழா பெருஞ்சிறப்போடு நடந்தது. ஜேமர்சன் மேடையில் இல்லை. சீட்டு வாங்கிக்கொண்டு பார்வையாளருள் ஒருவராக அமர்ந்திருந்தார் என்பர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் மறைந்தார்.

ஆனால், கடல் கடந்தும் சில செவிகள் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தன. இங்கிலாந்தில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி, பெயர் அறியாமலே அவ்வாசிப்பைக் கேட்டுப் பயின்றதைப் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். மெக்கார்ட்னி இசைக் குறியீடு படிக்கக் கற்றவரல்லர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. ஆலன் ஸ்லட்ஸ்கி என்பவர் ஜேமர்சனின் வாசிப்புகளைச் செவியால் கேட்டு, ஸ்வரம் ஸ்வரமாக எழுதி, வாழ்க்கை வரலாற்றுடன் 1989-இல் நூலாக வெளியிட்டார். 'ஸ்டாண்டிங் இன் தி ஷேடோஸ் ஆஃப் மோட்டவுன்' என்பது அந்நூல். அதே பெயரில் 2002-இல் ஆவணப் படமும் வந்தது. 2000-ஆம் ஆண்டில் ராக் இசைப் பெருமக்கள் வரிசையில் ஜேமர்சனின் பெயர் சேர்க்கப்பட்டது. ஊதியச் சீட்டும் ஒப்பந்தமும் செய்யாத நன்றியைச் செவி செய்தது. ஸ்வரம் ஸ்வரமாகக் கேட்ட ஒருவன் இருந்ததனால், இருட்டில் நின்ற ஒரு கலைஞன் வெளிச்சத்திற்கு வந்தான்.

இது டெட்ராய்ட் கதை மட்டும்தானா? நாம் வாழும் இந்நகரின் ஒலிப்பதிவுக் கூடங்களின் கதையும் இதுவே. இந்தித் திரைப்பாடல்களின் வாத்தியக் குழுக்களில் கோவாவிலிருந்து வந்த கலைஞர்கள் எத்தனை பேர்! அந்தோணி கொன்சால்வெஸ், செபாஸ்டியன் டி'சூசா முதலிய சிலரின் பெயர்கள் பிற்காலத்தில் வெளிப்பட்டன. ஆர். டி. பர்மன் குழுவில் பேஸ் வாசித்த டோனி வாஸ் அவர்களின் வாசிப்பைத் தம்மை அறியாமலே முனகாதார் நம்முள் இல்லை. பெயர் அறிந்தோர் எத்தனை பேர்?

சென்னைக்கு வருவோம். 1976-இல் 'அன்னக்கிளி'யோடு திரைக்கு வந்த இளையராஜா, பேஸ் கிட்டாருக்குத் தமிழ்த் திரையிசையில் புதிய நிலையை அளித்தார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்ற அவர், ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியை ஐந்து கோட்டுக் குறியீட்டில் தாமே எழுதித் தருபவர். அவருடைய பாடல்களில் மேலே ராகம் தன் வழியில் செல்லும். கீழே பேஸ் தனக்கென ஒரு மெட்டுடன் செல்லும். பாடகர் மூச்சு விடும் இடத்தில் பேஸ் மறுமொழி சொல்லும். 1980-இல் வந்த 'மூடுபனி' படத்தில் ஜேசுதாஸ் கிட்டாருடன் பாடிய பாட்டினைச் செவிக்கருவி அணிந்து ஒருமுறை கேளுங்கள். நாற்பது ஆண்டுகளாக நீங்கள் கேட்டிராத ஒரு பாட்டு அதனுள் இருப்பதைக் காண்பீர்கள். அவர் குழுவில் பல்லாண்டு பேஸ் வாசித்தவர் சசிதரன். எழுதிய தாள்கள் ஒலிப்பதிவுக் கூடத்தோடு நின்று விடும். நூலாக அவை கடைக்கு வருவதில்லை. ஆகவே, வெளியில் உள்ள மாணவனுக்கு அவ்வாசிப்பை அடையச் செவி ஒன்றே வாயில். பிற்காலத்தில் ஏ. ஆர். ரகுமான் தம் இசைத்தட்டுகளின் உறையில் கருவிக் கலைஞர்களின் பெயர்களை அச்சிட்டு ஒரு நல்வழக்கத்தை வளர்த்தார். அவர் பாடல்களில் பேஸ் வாசித்த கீத் பீட்டர்ஸின் பெயரை இளைஞர் பலர் அறிவதற்கு அவ்வழக்கம் துணை செய்தது.

இங்கு நேர்மையாக ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். இன்னது வாசிக்கப்பட்டது என்பதைச் செவி சொல்லும். இன்னார் வாசித்தார் என்பதை உறுதியாகச் சொல்லாது. மோட்டவுன் பாடல்கள் சிலவற்றில் பேஸ் வாசித்தவர் யார் என்பதில் வழக்கு எழுந்ததுண்டு. அதனைத் தீர்க்க ஆவணம் வேண்டும். உடனிருந்தோர் சாட்சி வேண்டும். செவியும் எழுத்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. கேட்டதை எழுதி வைக்காவிடின் அது கேட்டவனோடு போய்விடும். கேளாமல் எழுதியதோ உயிரற்ற எண் வரிசையாய் நிற்கும்.

வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். எழுத்தால் வரும் அறிவுக்குப் பின்னும் செவியால் வரும் அறிவுக்குத் தனி இடம் உண்டு என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும். இசையுலகில் 'கேள்வி ஞானம்' என்னும் சொல்லே வழங்குகிறது. குருவின் எதிரே அமர்ந்து, கேட்டு, திரும்பப் பாடிக் கற்ற மரபு நம்முடையது. ஓதுவார்களும் நாகசுர வித்துவான்களும் அவ்வழி வந்தவர்களே. குரு எதிரில் இல்லாதவனுக்கு ஒலிப்பதிவே குரு. அக்குரு சினம் கொள்வதில்லை. ஆயிரம் முறை கேட்டாலும் சலிப்பதில்லை. ஆனால் பிழையைத் திருத்துவதும் இல்லை. திருத்தும் கடமை மாணவன் தலையிலேயே விழுகிறது. அதனாற்றான் இம்முறையில் கற்றவனுக்குப் பொறுமையும் தன்னைத் தானே ஐயுறும் பண்பும் சேர்ந்தே வாய்க்கின்றன.

இது பிறர் வாசித்ததைப் பின்பற்றும் வேலைதானே, இதில் படைப்பு எங்கே என்று சிலர் வினவுவர். பிள்ளை தாயின் சொல்லைப் பின்பற்றியே பேசத் தொடங்குகிறது. அதனால் அது வாழ்நாள் முழுதும் தாயின் வாக்கியங்களையே சொல்லிக்கொண்டிருப்பதில்லை. நன்கு கேட்டவனே பின்னர்த் தன் சொல்லைப் பேசுகிறான்.

பிள்ளையின் பேச்சைக் கூறியதும் நம் சங்கத்தின் நினைவு வருகிறது. இம்மாநகரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் தமிழைப் பெற்றதும் கேள்வியால்தான். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் மராத்தியும் இந்தியும், அடுக்களையில் பாட்டியின் வாயிலிருந்து தமிழ். பலருக்கு எழுத்துத் தெரியாது. ஆயினும் பாட்டியின் பேச்சிலுள்ள ஏற்ற இறக்கம், சினம், கேலி, பரிவு எல்லாம் தெரியும். அவர்களை "தமிழ் படிக்கத் தெரியாதவர்கள்" என்று நாம் கடிந்து பேசுகிறோம். அவர்கள் செவியில் இருப்பதும் தமிழே என்பதை நாம் மறந்து விடக்கூடாது. அச்செவித்தமிழின் மேல்தான் எழுத்துத் தமிழை எழுப்ப வேண்டும். அதே வேளையில், பாட்டிக்குப் பின் அவ்வொலியைத் தருவார் யார் என்பதையும் நினைக்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசும் குரல் மெலிந்து போகுமானால், அது பேஸின் குரல் போன்றது. இருக்கும்போது எவரும் கவனியார். நின்றபின் பாட்டு முழுதும் வெறுமையாகத் தோன்றும்.

ஆகவே, சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைத்து அமைகிறேன்.

ஒன்று: மாதம் ஒருமுறை, ஒரு மாலைப் பொழுதில், நம் இளைஞர்களைக் கூட்டி ஒரே ஒரு பாட்டினைக் கேட்கச் செய்வோம். நல்ல ஒலிபெருக்கி ஒன்று போதும். அவரவர் கேட்டதை அவரவர் எழுதட்டும். பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பிடில் பயில்வோரும் வீணை பயில்வோரும் கிட்டார் பயில்வோரும் ஒன்றாக அமரட்டும். பட்டியல் அன்று கைக்கு வரலாகாது.

மற்றொன்று: இந்நகரின் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்த தமிழ்க் கலைஞர் எவரேனும் நம்மிடையே முதுமை எய்தி இருப்பாராயின், அவரைத் தேடிச் சென்று, அவர் வாயால் கேட்டு, எந்தப் பாட்டில் என்ன வாசித்தார் என்பதைப் பதிந்து வைப்போம். அவர் வாழும்போதே அவர் பெயரை எழுதுவோம். ஜேமர்சனுக்கு அது காலம் கடந்து வந்தது. நம்மவர்க்கு அவ்வாறு ஆகலாகாது.

இன்றிரவு இல்லம் திரும்பியதும், உங்களுக்கு மிகவும் பழகிய பாட்டு ஒன்றைத் தேர்ந்து, பாடகரை மறந்து, கீழே ஒலிப்பதை மட்டும் கேட்டுப் பாருங்கள். இளைஞர் எவரேனும் அதனை எழுதிக் கொணர்ந்தால், உடனிருந்து ஒப்பிட்டுப் பார்க்க யான் அணியமாக இருக்கிறேன்.